பதிலுக்குப் போகிறவள்

மூன்றாவது மாடியில், 304-ஆம் வீட்டுப் பால்கனியில், தரை துடைக்கும் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த ஞானம்மாள் மூடியைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அந்தக் கம்பி வெறுமையாக இருந்தது. துணியை இப்போதுதான் பிழிந்து போட்டிருக்க வேண்டும். கீழ் ஓரம் ஈரத்தில் கறுத்திருந்தது. அந்த வீட்டில் வேலைக்கு ஆள் கிடையாது. இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்களில் அவளும் ஒருத்தி.

“இன்னா ஞானா, சோத்துல எதுனா கெடக்குதா?” என்றாள் மங்களம்.

“ஒண்ணுமில்ல.”

கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். பக்கத்தில் ஐரினின் இடம் காலியாக இருந்தது. ஐரின் நேற்றும் தாமதமாகத்தான் வந்தாள்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்து அபார்ட்மெண்ட் அது. ஏரியைப் பார்க்கும் வீடுகளுக்கு விலை அதிகம். பின்பக்கத்து வீடுகளின் பால்கனிகள் ஜெனரேட்டர் அறையைப் பார்க்கும். அந்த அறைக்குப் பின்னால் இருந்த நிழலில்தான் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மதியம் சாப்பிடுவார்கள். பெரும்பாலும் பக்கத்து மர்பி டவுன்காரர்கள், நடந்தே வந்துவிடுவார்கள். சுனிதா மட்டும் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். வந்துகொண்டிருந்தவள்.

போன மாதம் ரயில் ஓடாத இரண்டு நாள் சுனிதாவால் வர முடியவில்லை. மூன்றாம் நாள் 304-ஆம் வீட்டு மேடம் கதவிலேயே நிறுத்திவைத்துப் பேசினாள். சுனிதாவும் பதிலுக்குப் பேசினாள். “ரயில நானா மேடம் ஓட்டறேன்?” என்று கேட்டாளாம். மறுநாள் கேட்டில் செக்யூரிட்டியின் போனில் அவள் எண்ணைத் தட்டியபோது பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு வந்தது; உள்ளே விடவில்லை. மேடம் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டாள். ஒரு வீட்டுக்காரி போட்ட தடை, ஆனால் மூடிக்கொண்டது மொத்த கேட்டும். மற்ற வீடுகளும் சுனிதாவின் கையைவிட்டுப் போயின.

அன்று மதியம் மங்களம்தான் முதலில் பேசினாள். அவளுக்குக் குரல் பெரிது.

“ஒருத்திக்கு கேட்ட மூடினா நம்ம எல்லாருக்கும் மூடின மாதிரிதான். 304-க்கு எவளும் போகக் கூடாது. அந்தம்மாவே பாத்திரம் தேய்க்கட்டும், அப்ப தெரியும். கம்ப்ளெய்ண்ட்ட வாபஸ் வாங்கி சுனிதாவ உள்ள விடற வரைக்கும் இதுதான். கன்னடத்துல ஒக்கட்டுனு சொல்வாங்க. ஒக்கட்டுனா ஒக்கட்டு.”

“எங்க சர்ச்சுல அதுக்கு ஐக்கியம்னு பேரு,” என்றாள் ஐரின். “மாசத்துக்கு ஒரு நாள் கூடுவோம். டீ, பிஸ்கெட். அப்புறம் எவ வரலைன்னு பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மங்களம் சிரிக்கவில்லை. “இதுல எவளாவது நடுவுல பூந்து அந்த வீட்ட எடுத்தான்னு தெரிஞ்சுது, அப்புறம் அவளுக்குப் பதிலுக்கு யாரும் போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

பதிலுக்குப் போவது என்பது அவர்களுக்குள் இருந்த வழக்கம். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஊரில் சாவு என்றால் இன்னொருத்தி அவள் வீடுகளுக்கும் சேர்த்துப் போவாள். திரும்பி வந்ததும் வீடுகளை அப்படியே கொடுத்துவிடுவாள். வேறு ஆள் தேடலாம் என்ற எண்ணம் வீட்டுக்காரிகளுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் வேலை. அது இல்லாவிட்டால் ஒரு காய்ச்சலுக்கே பிழைப்பு போய்விடும். அதனால் மங்களம் சொன்னதன் கனம் எல்லோருக்கும் புரிந்தது.

ஞானம்மாள் தலையாட்டினாள். அவளும் தங்கவயலில் பிறந்தவள்தான். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர் வந்து மர்பி டவுனில் தங்கிவிட்டவள். சுனிதா தன் ஊர்ப் பெண் என்பதாலேயே அன்று முதலில் தலையாட்டியது அவள்தான். ஆனால் ஒக்கட்டு என்ற சொல் அவளுக்குள் சரியாக உட்காரவில்லை. தங்கவயலில் அது ஒற்றுமை. சங்கக்காரர்கள் மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டி அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம், கூட்டத்தில் இருந்தவர்கள் மேடையைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்ததைச் சின்ன வயதில் அவள் கண்டிருந்தாள். கை தட்டுகிறானா, முழு மனதோடு தட்டுகிறானா என்று. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மங்களம் ஒக்கட்டு என்று சொன்னபோதும் அதுதான் நடந்தது. எல்லோரும் டப்பாவிலிருந்து கண்ணை எடுத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தத் துணி.

சாப்பிட்டுக்கொண்டே ஞானம்மாள் இன்னொரு முறை நிமிர்ந்தாள். துணி கிளிப் போட்டுத் தொங்கவில்லை. ஒரு முனையைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அப்படிக் கட்டுகிறவளை அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ஐரின் கிளிப் போட்டிருந்த துணி பறந்துபோய்க் கீழ்வீட்டு மேடத்தின் தலையில் விழ, அன்றிலிருந்து ஐரின் எந்த வீட்டிலும் கிளிப்பை நம்புவதில்லை. அதைச் சொல்லி அவர்கள் பல நாள் சிரித்திருக்கிறார்கள்.

ஐரின் வந்தாள். சுவரைத் தொட்டபடி மெதுவாக உட்கார்ந்தாள்.

“லேட்டு,” என்றாள் ஞானம்மாள்.

“ஆமா. பாத்திரம் பளிச்சுனு இருக்கா இல்லையான்னே தெரியல. ரெண்டு தடவ தேய்க்கிறேன்.” ஐரின் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். “அடுத்த வாரம் ஆபரேஷன் முடிஞ்சா சரியாயிடும். நீ வர்றல்ல?”

கண்புரை. ஐரினுக்குப் பதிலாக அவள் வீடுகளுக்குப் போவதாக ஞானம்மாள் முன்பே வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது தண்ணீர் குடித்தாள். டப்பாவைக் கழுவினாள். ஐரின் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு ஞானம்மாள் ஐரினைப் பார்க்கத் தொடங்கினாள். பன்னிரண்டு வருடமாகக் கூடவே நடந்து வந்தவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. எந்தப் படியில் இறங்குகிறாள், எந்த லிப்டில் ஏறுகிறாள், புடவை முந்தானை நனைந்திருக்கிறதா. பால்கனியில் துணி வந்துகொண்டேயிருந்தது. ஒரு நாள் மிதியடி. ஒரு நாள் சமையலறைத் துணிகள் வரிசையாக. எல்லாவற்றிலும் அதே முடிச்சு. சந்தேகம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்கு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஐரின் சிரித்தால் மறைக்கிறாள் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் குற்ற உணர்வு என்று தோன்றியது. ஆபரேஷனுக்குச் செலவு இருக்கிறது, கூட ஒரு வீடு எடுத்தால் ஆகும் என்று ஞானம்மாளே அவளுக்காக ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லுவாள், அந்த இல்லையையும் நம்ப முடியாது என்று தோன்றியதால் கேட்கவில்லை.

மங்களத்திடம் அவள் சொல்லவில்லை. மங்களமே நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

“அது ஐரின் முடிச்சு இல்ல?”

ஞானம்மாள் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். மங்களத்துக்கு அது போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலமே வாட்சப் குழுவில் மங்களத்தின் குரல் வந்தது. பெயர் சொல்லவில்லை. “கூட உக்காந்து துன்னுட்டு முதுகுல குத்தறவங்க இருக்காங்க. அவங்களுக்கு கண்ணு தெரியாதுன்னா நமக்குமா தெரியாது?” என்று மட்டும் சொன்னாள். யாருக்கும் புரியாமல் போகவில்லை. மறுநாள் ஐரின் வந்து உட்கார்ந்தபோது பேச்சு நின்றது. அவள் மொச்சைக் குழம்பை நீட்டினாள், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐரின் கையை மடக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் தலையைத் தூக்கினாள். கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

நடந்து திரும்பும்போது அவள்தான் கேட்டாள். “நீ வரமாட்டதானே ஞானா?”

“எனக்கும் வேல ஜாஸ்தியா இருக்குது.”

“சரி.”

மர்பி டவுன் வருவதற்குள் ஐரின் ஏதாவது சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஞானம்மாள் நினைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் போதும். தன் தெரு வந்ததும் ஐரின் திரும்பினாள். வழக்கமாகச் சொல்லும் ‘வர்றேன்’ இல்லை.

இரண்டு நாள் கழித்து ஐரின் கண் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலையில் அவள் பேரனோடு ஆட்டோவில் ஏறிப் போனதைத் தெருவே பார்த்தது. அன்று மதியம் 304-இன் கம்பியில் மிதியடி ஒன்று தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முனையில் முடிச்சு.

அப்படியானால் ஐரின் இல்லை. உடனே அடுத்த சந்தேகம் வந்தது. மங்களம். இவ்வளவு சத்தம் போடுகிறவள் எதையோ மறைக்கத்தான் போடுகிறாள். பழி ஐரின்மேல் விழ வேண்டுமென்றே அவளைப் போலக் கட்டுகிறாள். ஆனால் மங்களம் எதிரே உட்கார்ந்து ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் இருந்தார்கள். ஒருத்தரும் குறையவில்லை; யாரும் மேலே பார்க்கவும் இல்லை.

சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தாள்.

“எங்க?”

“கேஸ ஆஃப் பண்ணனா இல்லையான்னு தெரியல.”

லிப்டில் போகாமல் படியேறினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தான் நிற்கும் விதம் அவளுக்கே பிடிக்கவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு 304-இன் கதவு திறந்தது. குப்பைப் பையை வெளியே வைக்க ஒரு கை வந்தது, பின்னாலேயே முகம் வந்தது.

சுனிதா.

இருவரும் அசையவில்லை. கதவை மூடிக்கொள்ளலாமா என்று சுனிதா ஒரு கணம் யோசித்தது அவள் கையில் தெரிந்தது.

“அக்கா...”

“எப்படிடி உள்ள வந்த? கேட்டுல சிவப்பு வருதே.”

“மேடம் கார்ல.” குரலை இறக்கினாள். “காலைல எம்.ஜி. ரோடு மெட்ரோகிட்ட நிக்கச் சொல்லுவாங்க. ஏத்திக்கிட்டு பேஸ்மெண்டுக்கு வந்துடுவாங்க. சாயங்காலமும் அப்படித்தான். வீட்ட விட்டு வெளிய வரக் கூடாது. இப்ப அவங்க தூங்கறாங்க.”

“எத்தன நாளா?”

“நீங்க யாரும் வரமாட்டோம்னு சொன்னீங்கல்ல, ஒரு வாரத்துலயே அவங்களே போன் பண்ணாங்க. முடியல சுனிதா, வந்துடுன்னாங்க.”

“அப்ப கேட்ட திறக்கச் சொல்ல வேண்டியதுதானே?”

“கேட்டேன். கமிட்டில அவங்கதான் கம்ப்ளெய்ண்ட் குடுத்தது. உடனே வாபஸ் வாங்குனா அசிங்கமா இருக்கும், கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னாங்க.” அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். கை உலர்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். “இந்த ஒரு வீடாவது இருக்கட்டும்னு வந்துட்டேன்க்கா. நீங்க எல்லாரும் எனக்காக நிக்கிறீங்க. நான் மட்டும் வந்துட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?”

ஞானம்மாள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். “மங்களம் குரூப்ல பேசினதக் கேட்டியா?”

சுனிதா குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். அவள் இன்னும் அந்தக் குழுவில்தான் இருந்தாள்.

“கேட்டியாடி?”

“கேட்டேன்.”

“ஐரினத்தான் சொல்றாங்கன்னு?”

“தெரியும்க்கா.” அவள் தரையைப் பார்த்தாள். “முடிச்சு போடக் கத்துக்குடுத்ததே அவங்கதான். மொத நாள் வேலைக்கு என்னக் கூட்டிட்டு வந்தப்ப. எனக்கு வேற மாதிரி கட்டத் தெரியாது.”

உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். சுனிதா கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானம்மாள் சாத்திய கதவின் முன்னால் நின்றாள். தவறு எங்கே நடந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சுனிதா கேட்டுக்கு வெளியே இருக்கிறாள் என்பதை அவர்கள் யாரும் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. உள்ளே இருந்தவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். யாருக்காக நின்றார்களோ அவளைத் தவிர எல்லோரையும்.

கீழே போய் மங்களத்திடம் சொல்லலாம். சொன்னால் ஐரினின் பெயர் வெளுக்கும். அவளுக்குப் பதிலுக்குப் போக ஆள் இருக்கும். ஆனால் சுனிதாவுக்கு இந்த வீடும் போகும். கேட் திறக்கும் நாள் வந்தாலும் இவர்கள் நடுவில் உட்கார முடியாது. சொல்லாவிட்டால் ஐரினின் வீடுகள் போகும். படியிறங்கும்போது எந்தப் படியிலும் அவளுக்கு முடிவு கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஐரின் வீட்டுக்குப் போனாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஐரின் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பேரன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை ஐரின்.

“304-ல சுனிதாதான்,” என்றாள் ஞானம்மாள்.

ஐரின் திரும்பவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“முடிச்சு தெரிஞ்சுது. இந்தக் கண்ணுக்கே தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லல? அத்தன பேர் நடுவுல, சோத்தக்கூட தொடல எவளும்.”

“சொன்னா? அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் கேட்ட மூடுவீங்க.” கண்ணோரத்தில் வழிந்த மருந்தை ஐரின் புறங்கையால் துடைத்தாள். “அவளுக்கு இருக்கறது அந்த ஒரு வீடு. எனக்கு அஞ்சு இருக்குது.”

“போயிடுச்சுன்னா?”

“போவட்டும்.”

டிவியில் யாரோ சிரித்தார்கள். ஞானம்மாள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தொடங்கினாள். “நான் உன்ன...”

“தெரியும். நீ என் பின்னாலயே வந்ததும் தெரியும். படில, லிப்டுல. நீ கேப்பன்னு பாத்தேன். மங்களம் கேக்கமாட்டா, அவளுக்குக் கத்தத்தான் தெரியும். நீ கேட்டிருந்தா உனக்கு மட்டும் சொல்லியிருப்பேன்.”

பேரன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் டிவிக்குப் போனான்.

“திங்கட்கிழமை உன் ஆபரேஷன்லேர்ந்து நான் போறேன்,” என்றாள் ஞானம்மாள். “உன் அஞ்சு வீட்டுக்கும்.”

“மங்களம் உன்னையும் தள்ளி வெச்சிடுவா.”

“வெக்கட்டும்.”

“எதுக்குன்னு கேட்டா?”

“வாயத் திறக்கமாட்டேன்.”

ஐரின் அவளைப் பார்த்தாள். சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எழுந்து அலமாரியைத் துழாவி, 602-ஆம் வீட்டுச் சாவியை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தாள். ஞானம்மாள் கையில் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஞானம்மாள் விடியும்போதே தொடங்கித் தான் சமைக்கும் வீடுகளில் இட்லியும் சட்னியும் முடித்துவிட்டு ஐரினின் வீடுகளுக்கு ஏறினாள். மதியம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் அவள் போனபோது விஷயம் முன்னாலேயே வந்திருந்தது.

“602-ல உன்னப் பாத்தேனே,” என்றாள் மங்களம்.

“ஆமா.”

“ஐரினுக்குப் பதிலுக்கா?”

“ஆமா.”

“பேசினது ஞாபகம் இருக்குதில்ல? நீதானடி மொதல்ல தலையாட்டின. அவ அந்தம்மா வீட்ட பிடிச்சா, நீ அவ வீட்டப் பிடிக்கிற. நல்லா இருக்குதும்மா உங்க கம்பெனி. எவ்வளவு தர்றேன்னா?”

யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். மற்றவர்களின் பார்வை தன்மேல் நிற்பதை ஞானம்மாள் உணர்ந்தாள். மேலே 304-இன் கம்பியில் துணி இருந்தது. இந்த முறை முடிச்சு இல்லை; இரண்டு சிவப்பு கிளிப். அந்தப் பெண் வேறு மாதிரி கட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஐரின் ஆஸ்பத்திரியில் இருக்கும் இன்றைக்கே. அதை நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்வதா, ஐரின்மேல் பழியை உறுதி செய்வது என்று எடுத்துக்கொள்வதா என்று ஞானம்மாளுக்குத் தெரியவில்லை. மங்களமும் கிளிப்பைப் பார்த்தாள். “பாத்தியா, அவ இல்ல, முடிச்சும் இல்ல. இன்னைக்கு அந்தம்மாவே துவச்சிருக்கு,” என்றாள்.

ஒரு வாக்கியம் போதும். ஞானம்மாளின் நாக்குவரை அது வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். மங்களம் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு சுவரின் அந்தப் பக்கம் நகர்ந்தாள். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

சாப்பிட்டு முடித்து 602-க்குத் திரும்பினாள். அங்கே ஒரு வயதான மலையாளி அம்மா தனியாக இருந்தார். ஞானம்மாள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபோது அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

“ஐரின் மகள்தான் கூப்பிட்டாள்,” என்றார் அவர் தன் தமிழில். “ஆபரேஷன் நல்லபடி ஆச்சாம். போன்ல பேசக் கூடாதாம், அதுனால மகள்கிட்ட கேக்கச் சொல்லியிருக்கா.”

“என்ன கேட்டாங்க?”

“நீ வந்தியான்னு. நிஜமாவே வந்தியான்னு ரெண்டு தடவ.” அவர் சிரித்தார். “அஞ்சு வீட்டுலயும் கேக்கிறா போல.”

ஞானம்மாள் குழாயைத் திறந்தாள். தட்டில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டினாள். அந்தக் கேள்விக்குக் கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கவில்லை.

“நாளைக்கும் கேப்பாங்கம்மா,” என்றாள். “வந்தேன்னு சொல்லுங்க.”